பந்துக் கதை

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இன்று விரிப்புகள் மலை மாதிரி. மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் எப்போதும் போல என் மைத்துனன். மேனேஜர் நீளமாக ஏதோ பேசிவிட்டு, "தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்" என்று சொல்லி என் முகத்தையே பார்த்தார். என்னவென்று அவனிடம் மெல்லக் கேட்டேன்.

"நேத்து மேட்ச் பாத்திருக்கார் மாமா, அந்தப் பந்துக் கதை. சிரிச்சு வைங்க."

பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். மேனேஜர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 12

மகளுக்கு இங்கிலீஷ் மரபுத்தொடர் பரீட்சை. நான் எழுத்துக் கூட்டி வாசிக்க, அவள் அர்த்தம் சொல்ல வேண்டும். 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் சுலபமான வேலையாம்.

"அப்ப தின்ன முடியாதா?"

"அப்பா, நீங்க தேற மாட்டீங்க."

பிப்ரவரி 20

காலியாக இருந்த மேற்பார்வையாளர் இடம் மைத்துனனுக்கு. முதலில் கை தட்டியது நான்தான். இந்த வேலைக்கு அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவன் ஆயிற்றே. எனக்கு வருமென்று கொஞ்சம் நினைத்திருந்தேன். இந்த முதுகை வைத்துக்கொண்டு இஸ்திரி மெஷின் முன்னால் இன்னும் எத்தனை வருஷமோ. சரி, வீட்டுப் பிள்ளைக்குத்தானே போயிற்று.

பிப்ரவரி 22

இன்று மகளின் பாடத்தில் அதே பந்து வந்தது. "இது எனக்குத் தெரியுமே, விளையாட்டுக் கதை" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"இல்லப்பா. இனி முடிவு உங்க கையில, நீங்கதான் பதில் சொல்லணும்னு அர்த்தம். யார் சொன்னாங்க உங்ககிட்ட?"

மேனேஜர் அன்று கூப்பிட்டது, மேற்பார்வையாளர் இடம் காலியான வாரம். அப்படியானால் மேனேஜர் என்னிடம் கேட்டது —

பதிலுக்கு நான் பல்லைக் காட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 23

ஒருவேளை அவனுக்கே அர்த்தம் தெரியாதோ? நாளெல்லாம் அவனுக்காக எனக்குள்ளேயே வக்கீலாக வாதாடினேன்.

பிப்ரவரி 25

வழக்கு தோற்றது. சோப்புத்தூள் அனுப்புகிறவனிடம் மைத்துனன் போனில் பேசினான். விலையைச் சொல்லி, அதே பந்தைத் தூக்கிப் போட்டு, நாளைக்குள் பதில் வேண்டும் என்றான். நான் துண்டு மடிப்பதை நிறுத்தவில்லை.

"மாப்ள, அன்னைக்கு மேனேஜர் சொன்னதும் இதே பந்துதானே?"

அவன் நிமிரவில்லை. "உங்களுக்கு அது ஒத்து வராது மாமா. இங்கிலீஷ் வேணும்."

"வேணாம்னாலும் அதை என் வாயால சொல்லியிருப்பேன்ல?"

அவன் மறுபடி போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

பிப்ரவரி 26

பாவிப்பய. என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எப்படிடா மனசு வந்துச்சு? என் மனைவியிடம் எப்படிச் சொல்வது — அவளுக்கு ஒரே தம்பி.

மார்ச் 9

மேனேஜர் கூப்பிட்டார். மைத்துனன் எழுந்தான். "நீ இரு மாப்ள" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். மகள் சொல்லிக்கொடுத்தபடி, "ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி."

குழந்தைக்கு ஊட்டுவது போலப் பேசினார். அந்த வேலையை உங்களுக்குத் தர நினைத்தேன், ஏன் சிரித்துவிட்டுப் போனீர்கள் என்று கேட்டார். "ஐ நோ அண்டர்ஸ்டாண்ட்" என்றேன். தப்பும் தவறுமாக இருந்தாலும் என் சொந்த வாய். அவர் வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே மைத்துனன் காத்து நின்றான்.

"என்ன மாமா சொன்னார்?"

"மேட்ச் கதை" என்றேன். "சிரிச்சு வை."