எஞ்சின் நின்ற பிறகு

லோப்புரி, தாய்லாந்து, டிசம்பர் 9

அன்பு மகள் பிம்முக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம், ஒசாகாவில் குளிர் ஏறிவிட்டதாம், காதுக்குக் கம்பளி கட்டாமல் வெளியே போகாதே. அப்பா எதையோ மறைக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னாயாம். மறைத்தது உண்மைதான், இப்போது சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் படி.

போன மாதம் கடைசி செவ்வாயன்று எங்கள் ராணுவத் தளத்தில் ஒரு பழைய ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டருக்கு எரிபொருள் குழாய் மாற்றினேன். பறந்து சோதித்துப் பார்க்க விமானி கேப்டன் விபா வந்தாள், உன் வயதுதான் இருக்கும். "இருபத்தாறு வருஷமா தரையில நின்னே எஞ்சினுக்குக் காது குடுக்கறீங்களே பெரியப்பா, சோதனைக்கு ஒரு தரம் மேல வந்து கேளுங்க" என்றாள். ஏறிவிட்டேன். ஆயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் டர்பைனின் கீச்சொலி சட்டென்று இறங்கி அடங்கிப் போயிற்று. எஞ்சின் நின்றுவிட்டது. அவளோ அந்தக் கணமே, இறக்கைகளின் சாய்வை மாற்றும் இடது கைப் பிடியை அடிவரை இறக்கிவிட்டாள். கல் மாதிரி விழப்போகிறோம் என்று நினைத்தேன், விழவில்லை. நாங்கள் இறங்க இறங்கக் கீழிருந்து வந்த காற்றே தலைக்கு மேலிருந்த இறக்கைகளைச் சுழற்றிக்கொண்டிருந்தது. பயிற்சியில் படித்ததுதான், ஆனால் எஞ்சின் சத்தம் இல்லாமல் அவை காற்றை அடிப்பதை அன்றுதான் கேட்டேன். அந்தப் பயத்திலும் சுழற்சி குறைகிறதா என்று அளவுமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன மனுஷன் நான்! கீழே சூரியகாந்திக் கொல்லை நெருங்கியது, மூக்கைத் தூக்கினாள், வேகம் மட்டுப்பட்டது. அப்போது கண்ணை மூடிவிட்டேன். திறந்தால் தரையில் நிற்கிறோம், கண்ணாடி முழுக்க மஞ்சள் இதழ். "உயிரோட இருக்கீங்களா பெரியப்பா? கொல்லைக்காரம்மா கட்டையோட வர்றாங்க, நீங்களே பேசிக்குங்க" என்று சிரித்தாள்.

எஞ்சின் மூடியைத் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். குழாயின் திருகு கழன்றிருந்தது. அதிர்வில் அது கழலாமல் இருக்க ஒரு கம்பி கட்ட வேண்டும் பிம், அதை நான் கட்டவே இல்லை. நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்து மூடியைப் போட்டுவிட்டேன். சரிபார்க்க வேண்டியவன் என்னை நம்பிக் கையெழுத்திட்டான். யாரும் கேட்பதற்குள் மறந்தது நான்தான் என்று தளபதியிடம் சொன்னேன். எழுத்தில் கண்டனம் வந்தது, ஆறு மாதத்துக்கு நான் முடுக்கும் ஒவ்வொரு திருகையும் இன்னொருவர் பார்ப்பார், நியாயம்தான். விபாவிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. ஒருவழியாகச் சொன்னதும், "எனக்கு ரெண்டு வயசுல பையன் இருக்கான், தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். மூன்று நாள் முகம் பார்க்கவில்லை. நேற்று அவளாகவே வந்து, "புதன்கிழமை அந்த ஹெலிகாப்டரை மறுபடி ஏத்தறோம். கூட வர்றீங்களா, இல்ல உங்க வேலைமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எஞ்சினை வேண்டுமென்றே தணித்து அதே மாதிரி இறக்கிக் காட்டவும் கேட்டிருக்கிறேன். தரை தொடும் முன் இறங்கும் வேகத்தைத் தாங்கிப் பிடிக்க அந்த இடது கைப் பிடியை எந்த நொடியில் மேலே இழுத்தாள் என்பது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை கண்ணை மூட மாட்டேன்.

புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளும் உன்னைக் காக்கட்டும், வேலையும் உடம்பும் சீராக இருக்கட்டும். ஏப்ரல் புத்தாண்டுக்கு இப்போதே லீவு கேட்டு வை. புதன்கிழமை சங்கதி அம்மாவுக்குத் தெரியாது, நீயாகச் சொல்லிவிடாதே.

உன் அப்பா,
தோங்சுக்