மாடி ஹாலில் மழைப் பாட்டு

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாததால் கேட்கிறேன்.

போனில் முடிகிற விஷயத்துக்கு அம்மா ஏன் பேனாவைத் தூக்கினாள் என்று முகம் சுளிப்பாய். கடைசிவரை படி. நடுவில் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து என்னவோ நீளமாகச் சொன்னாய். நான் "சரிடா, ரொம்ப நல்லது" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அதோடு எனக்குப் போன் நின்றது. அப்பாவுக்கு மட்டும் வாரம் ஒரு மெசேஜ், அதுவும் இரண்டே வார்த்தை. என்னம்மா விஷயம் என்று அவர் கேட்டதற்கு, அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதினாயாம். அவர் என்னைக் கேட்டார். சும்மாதான் பேசினாள் என்று மழுப்பிவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. நீ அழுதாயா, சிரித்தாயா, அதுகூடத் தெரியாது. ஏதோ இரைச்சல் வந்தது, நின்றது. நின்றதும் பதில் சொல்ல வேண்டுமே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

கம்பெனியில் கண்ணாடி பாட்டில் கழுவும் லைனில் இருபத்திரண்டு வருஷம் நின்றிருக்கிறேன். அந்தச் சத்தம் உனக்கே தெரியும். சின்ன வயதில் கம்பெனி கேட் வரைக்கும் வந்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவள்தானே நீ. மூன்று வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் காது அடைத்துக்கொண்டு வந்தது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குப் பதில் தலையாட்டக் கற்றுக்கொண்டேன். சூப்பர்வைசர் சிரித்தால் நானும் சிரிப்பேன். பக்கத்து வீட்டுக்காரி தன் மாமியார் செத்துப்போன செய்தியைச் சொன்னபோது, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

போன மாதம் குட்டு உடைந்தது. அப்பா சாவியைக் கடையில் மறந்துவிட்டு வந்து முக்கால் மணி நேரம் பெல் அடித்திருக்கிறார். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். மனிதர் இந்த வயதில் பின்சுவர் ஏறிக் குதித்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடிக் கடைக்காரர் அல்லவா, கண்ணுக்குக் கண்ணாடி போட்டால் யாரும் சிரிப்பதில்லை, காதுக்கு மட்டும் என்ன வந்தது என்று வழி நெடுகப் பிரசங்கம். எனக்குக் கேட்டது பாதிதான்.

இரண்டு காதிலும் மெஷின் மாட்டினார்கள். மாட்டிய பெண் அதைப் பற்றி என்னென்னவோ விளக்கினாள். நான் வழக்கம்போல் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நான் உயிராய் ரசிக்கும் இசைக்குழு இருக்கிறதே, என் நாலு பேர், அவர்கள் பாட்டைப் போட்டேன். தகரத்தைத் தெருவில் இழுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. முப்பது வருஷமாக என்னோடு இருந்த பாட்டு. நீ கைக்குழந்தையாக என் தோளில் தூங்கியது அந்த மழைப் பாட்டைக் கேட்டுத்தான். பாட்டே இப்படி ஆகிவிட்டால் உன் குரல் எப்படி வரும் என்று பயந்துவிட்டேன். அந்தப் பயத்தில்தான் மெஷின் வந்த பிறகும் போனைத் தொடவில்லை.

இந்த நேரம் பார்த்து, பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த நாலு பேரும் மறுபடி சேர்ந்து நம் ஊரில் வாசிக்க வந்தார்கள். மேஜை நாற்காலி விற்கும் கடையின் மாடியில் ஒரு சின்ன ஹால். நான் வரமாட்டேன் என்றேன். கேட்காவிட்டாலும் பார்த்துவிட்டாவது வரலாம் என்று அப்பா டிக்கெட்டை நீட்டினார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பம். எண்பது பேர் இருப்போம். நாற்காலியெல்லாம் கீழ்க்கடையிலிருந்து வந்தவை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. முடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் என் நாலு பேர். பாடுகிறவருக்குத் தொப்பை விழுந்துவிட்டது, எனக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம். பாட்டு ஆரம்பித்தது. அதே தகரம். நான் அசையும்போதெல்லாம் எழுந்த பிளாஸ்டிக் சத்தம் பாட்டைவிடத் தெளிவாகக் கேட்டது. சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஐந்து பாட்டுக்கு அப்படியே ஆட்டினேன்.

இடைவேளையில் படிக்கட்டுக்கு வந்து, வீட்டுக்குப் போகலாம் என்று அப்பாவிடம் அழுதுவிட்டேன். அந்த நேரம் டிரம்ஸ்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு காற்று வாங்க வந்தார். வாடிக்கையாளர் தவிர வேறு யாரிடமும் வாய் திறக்காத உன் அப்பா நேராக அவரிடம் போய், இவள் உங்கள் ரசிகை, காது போய்விட்டது, உங்கள் பாட்டு தகரமாகக் கேட்கிறதாம் என்று போட்டு உடைத்துவிட்டார். எனக்கு மானமே போயிற்று.

டிரம்ஸ்காரர் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பிக் காட்டினார். காதுக்குப் பின்னால் என்னுடையதைப் போலவே ஒரு மெஷின், அதே சாம்பல் நிறம். பிறகு ஏதோ விளக்கினார். நான் தலையாட்டினேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, குரலை உயர்த்திக் கேட்டார்.

"கேட்டுச்சா, இல்ல சும்மா ஆட்டுறீங்களா? நானும் ரெண்டு வருஷம் இப்படித்தான் ஆட்டினேன்."

மூன்று வருஷத்தில் என்னை யாரும் இப்படிக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை.

"கேக்கலைங்க. இன்னொரு தடவை சொல்லுங்க," என்றேன்.

முகத்துக்கு நேராக நின்று மெதுவாகச் சொன்னார். மெஷினைப் பேச்சுக்கு ஏற்ற மாதிரிதான் வைத்துக் கொடுப்பார்களாம். அது பாட்டையும் இரைச்சல் என்று நினைத்து நசுக்கிவிடுமாம். பாட்டுக்கென்று இன்னொரு செட்டிங் இருக்கிறது, பொத்தானை இரண்டு பீப் வரும்வரை அழுத்துங்கள் என்றார். அந்தப் பெண் அன்று விளக்கியது இதைத்தான் போலிருக்கிறது.

உள்ளே போய் உட்கார்ந்து அழுத்தினேன். இரண்டு பீப். டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்துவிட்டுக் குச்சியோடு குச்சியை நாலு தட்டு தட்டினார். மழைப் பாட்டுக்கு முன்னால் வருமே, அந்த நாலு தட்டு. தகரம் போய், கட்டை கட்டையாகவே கேட்டது. பிறகு குரல் வந்தது. வயதான குரல், மேலே போகும்போது கொஞ்சம் உடைகிறது, ஆனால் அவரேதான். முன்போல் முழுசாக இல்லை, பத்துக்கு ஏழு என்று வைத்துக்கொள். அந்த ஏழு எனக்கு எவ்வளவு பெரிசு தெரியுமா? அப்பாடா என்று நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. அப்பா தாளம் தெரியாமல் கண்ட இடத்தில் கைதட்டினார். அதுவும் நன்றாகக் கேட்டது.

மறுநாளே அந்தப் பெண்ணிடம் திரும்பப் போனேன். புரியாததையெல்லாம் மூன்று மூன்று தடவை கேட்டு அவள் பிராணனை வாங்கிவிட்டேன். போனுக்கும் தனியாக ஒரு செட்டிங் வைத்துக் கொடுத்தாள். அப்பா கடையிலிருந்து போன் செய்து, கண் பரிசோதனைப் பலகையில் இருக்கும் எழுத்தையெல்லாம் வரிசையாகப் படித்தார். கடைசி வரிவரைக்கும் திருப்பிச் சொன்னேன்.

வாலு, அன்று நான் சொன்ன அந்த "ரொம்ப நல்லது" நீ சொன்னதற்குப் பதிலே இல்லை. நல்ல சேதியாக இருந்திருந்தால் அதற்கு வேண்டிய சந்தோஷத்தை உனக்குக் கொடுக்காமல் விட்டேன். கஷ்டமாக இருந்திருந்தால், உன்னைத் தனியாக விட்டுவிட்டேன். இரண்டு மாதமாக இதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ எங்கே இருந்தாலும் எப்படி இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். அன்றைக்குச் சொன்னதை முதலிலிருந்து, இன்னொரு தடவை சொல்லு கண்ணு. நான் தலையாட்ட மாட்டேன்.

கேட்கக் காத்திருக்கும்,
அம்மா