பலகைமேல் வைக்காத படம்

அண்ணை,

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். உங்கள் முன்னறையில் நிற்கும் பின்பால் விளையாட்டு மெஷினின் மேல்கண்ணாடியை இழுத்துக் கழற்றியதும் அந்த மணம் எழுந்தது. பழைய பலகையும் தூசும் சூடேறி ஆறிய கம்பிச்சுருளும் கலந்த மணம். சற்று நேரம் கண்ணாடியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். உங்கள் மகள் வந்து அதை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

அவள்தான் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். "அங்கிள், நீங்க போட்ட பெயின்ட் கீழ்ப்பக்கம் உரிஞ்சிருச்சு. ஒருக்கா வந்து டச் பண்ணித் தருவீங்களா?" எனக்கு வயதாகிவிட்டது. முடியாது பிள்ளை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஓம், வாறன்" என்று சொல்லிவிட்டேன். நான் சொல்ல நினைப்பதும் சொல்லி முடிப்பதும் வேறுவேறாகிப் போவது உங்களுக்குப் புதிதல்ல.

உங்களைப் பொலிஸ் கொண்டுபோய் வைத்திருந்த அந்த ஐந்து நாட்களைப் பற்றி, உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். நானும் மாதம் இரண்டு தடவையாவது வந்து போனேன். சொல்ல இடம் கிடைக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

நான் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞராக இருந்தேன். வரைபடங்களைப் பிரதியெடுக்கும் எங்கள் அமோனியா இயந்திரத்தைத் திருத்த வருபவர் நீங்கள். நான் வேலையை விட்டபின்னும் பழக்கம் விடவில்லை. துறைமுகத்துப் பக்கம் மாலுமிகள் வந்துபோன விடுதி ஒன்று மூடப்பட்டபோது, அங்கே நீங்கள் பார்த்துவந்த விளையாட்டு மெஷின்களில் ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். சாய்வான பலகை, மேலிருந்து உருண்டு வரும் இரும்புக் குண்டு, அதைக் கீழே விழவிடாமல் தட்டி அனுப்ப இரண்டு சிறு மட்டைகள். எனக்கு அந்த விளையாட்டு கடைசிவரை பிடிபடவில்லை. குண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், அது போய்விடும். "சேர், அது ஒங்கள கேட்டுக்கிட்டு வராது. தட்டுங்க!" என்று கத்துவீர்கள். நான் உங்களை அண்ணை என்றேன், நீங்கள் என்னைச் சேர் என்றீர்கள். காற்சட்டைக்குள் சட்டையை விட்டுக்கொண்டு வருகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டீர்கள்.

பலகையில் ஒரு சர்க்கஸ் படம். வெள்ளைக் குதிரைமேல் மஞ்சள் பாவாடைக்காரி. குண்டு ஓடி ஓடி அவளுடைய ஒரு கண்ணும் இரண்டு முழங்கால்களும் அழிந்து, பலகை தெரிந்தது. மட்டைகளுக்கு அருகே சிவப்பே இல்லை. அதைச் சரியாக்கித் தரும்படி என்னைக் கேட்டீர்கள். எனக்குக் கோடு வரும், நிறம் வருமா என்பது சந்தேகம் என்றேன். "கோடு வந்தாப் போதும். கலர் பின்னாலயே வந்துரும்" என்றீர்கள்.

அது யுத்த காலம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி அறையில் தனியாக இருந்தேன். அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து விலாசம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வருவதற்குள் இரண்டு இடத்திலாவது பஸ்ஸை விட்டு இறங்கி அட்டையைக் காட்ட வேண்டும். ஆனாலும் சனிக்கிழமைகளில் வந்தேன். வீட்டில் எனாமல் பெயின்ட் பேணிகளை வரிசையாக வைத்திருப்பீர்கள்.

முதலில் அழுக்கை எடுத்தேன். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு, ஒரு சமயத்தில் ஒரு தீப்பெட்டி அளவு இடம்தான். பிறகு மஞ்சளில் மாட்டிக்கொண்டேன். ஓரத்து பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றினால், அடியில் வெளிச்சம் படாத மஞ்சள் பளிச்சென்று இருந்தது. திறந்த இடத்து மஞ்சள் வெளிறி, பழைய வெண்ணெய் மாதிரி. எதற்கு ஒத்ததாக நிறம் கலப்பது? டின்பால் பேணி மூடியில் ஏழு மாதிரிகள் போட்டுக் காயவிட்டு, காய்ந்தபின் இருண்டதைக் கண்டு மறுபடி ஏழு போட்டேன். இரண்டு சனிக்கிழமை இதிலேயே போயிற்று. "பக்கத்துல உள்ளதோட ஒத்துப் போகணும், அவ்வளவுதான் சேர். பொறந்தப்ப என்னா கலர்னு இப்ப யாரு கேக்குறா?" என்றீர்கள். நீங்கள் சொன்னதே சரி. ஆனால் முழங்கால்களுக்கு நான் கலந்த நிறம் காய்ந்ததும் மிகவும் கறுத்துப் போயிற்று. நீங்கள் குனிந்து பார்த்து, உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டீர்கள். "இஞ்ச வந்து பாரு, வெள்ளைக்காரி முட்டிக்குக் கீழ கொட்டாஞ்சேனைப் புள்ள ஆயிட்டா!" அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். நான் வெட்கத்தோடு சுரண்டி எடுத்தேன்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்திருந்தேன். நிறம் பூசினால் அடிக்கோடுகள் மறைந்துவிடும் என்று, பலகை முழுவதையும் டிரேசிங் கடதாசியில் கோட்டுக்குக் கோடு பென்சிலால் கீறி எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு வட்டமும். அழிந்த இடங்கள் முப்பத்து நான்கு. அவற்றுக்கு இலக்கம் போட்டு, குண்டு எந்தத் திசையில் வந்து தேய்க்கிறது என்று அம்புக்குறி வைத்தேன். என் தொழிற்பழக்கம் அது. ஓரத்தில் அளவுத்திட்டம்கூட எழுதியிருந்தேன். வேறு யார் அப்படிச் செய்வார்கள்?

பொலிஸ் சுற்றிவளைப்பு வந்தது காலை பத்து மணியளவில். பலகையை மெஷினிலிருந்து எடுத்து இரண்டு கதிரைகளில் நிமிர்த்தி வைத்திருந்தோம். அதன் அடிப்பக்கம் வாசலைப் பார்த்தபடி இருந்தது. நூற்றுக்கணக்கான வயர்கள், கம்பிச்சுருள்கள். முதலில் நுழைந்த கான்ஸ்டபிள் ஓரடி பின்வாங்கினார். நீங்கள் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் விளக்கினீர்கள். உங்கள் சிங்களம் அந்தத் தெருவிலேயே பிறந்த சிங்களம். பலகையைத் திருப்பி, குதிரைக்காரியைக் காட்டினீர்கள். கான்ஸ்டபிளும் சிரித்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போது அதிகாரி மேசையிலிருந்த டிரேசிங் கடதாசியை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். இளம் ஆள், மரியாதையாகத்தான் பேசினார். இது எந்த இடத்துப் படம், இந்த இலக்கங்கள் என்ன, யார் கீறியது என்று கேட்டார். பிறகு என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்.

நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் சிங்களத்திலேயே சொல்லிவிட்டீர்கள். "நான் கீறினது. இவர் பெயின்ட் பாஸ், நாள் கூலிக்கு வந்தவர். இவருக்கு ஒன்றும் தெரியாது." 'வாய் திறப்பதற்குள்' என்று எழுதிவிட்டேன். அது நேர்மையான சொல்தானா என்று தெரியவில்லை. திறக்க நேரம் இருந்தது. அதிகாரி என் முகத்தையும் கையிலிருந்த தூரிகையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கடதாசியை வாங்கிப் பலகைமேல் விரித்திருந்தால் போதும். கோட்டின்மேல் கோடு உட்கார்ந்திருக்கும். அதற்கு எத்தனை நொடி ஆகும்? அது அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. நான் தலையைக் குனிந்து, பெயின்ட் பாஸாக, வெறும் கூலிப் பூச்சுக்காரனாக நின்றேன். கடதாசியோடு உங்களைக் கொண்டுபோனார்கள்.

அடுத்த நாள் அக்காவைப் பார்க்கப் போனேன். படம் நான் கீறியது என்று சொல்லத்தான் போனேன். அவர் தேத்தண்ணி தந்தார். அதைக் குடித்துவிட்டு, சிவப்புக்கு இரண்டாம் பூச்சுப் போட்டேன். அதற்கடுத்த நாள் குதிரைக்காரியின் கண்ணை வரைந்து முடித்தேன். என் கை அதுவரை அப்படி ஓடியதில்லை. இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

நான்காம் நாள் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் முதல்நாளே எழுதி, பிழை பார்த்து, பாடமாக்கியிருந்தேன். பஸ்ஸில் உதடு அசையாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். மேசையில் இருந்தவர் தலை நிமிர்ந்து, என்ன வேண்டும் என்றார். நான் வாயைத் திறந்தேன். "கருணாகரலா, ஃபோர்ம் எகக் தென்ன." தயவுசெய்து ஒரு படிவம் தாருங்கள் என்று அர்த்தம். வீட்டில் தங்கியிருப்பவர்களைப் பதிகிற படிவம். தமிழர்கள் நாங்கள் எல்லோரும் நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்த ஒன்று. எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். வெள்ளவத்தை என்றேன். அப்படியானால் அங்கேயல்லவா வாங்க வேண்டும் என்றார். ஆனாலும் ஒன்றை எடுத்துத் தந்தார். நன்றி சொல்லி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த நாள் உங்களை விட்டார்கள். சார்ஜன்ட் ஒருவர், அந்தத் துறைமுக விடுதியில் இளவயதில் இதே மெஷினில் விளையாடியவராம், படத்தைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டார் என்றீர்கள். ஒரு பக்கம் சரிந்து நடந்தீர்கள். வெறும் சீமெந்தில் படுத்ததாலாம். நேராகப் பலகையிடம் போய், விரலால் சிவப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது கோட்டிங்கும் போட்டாச்சா" என்றீர்கள். பிறகு என்னைப் பார்க்காமலே, "ஸ்டேஷன்ல ஒங்க சத்தம் கேட்டுச்சு சேர்" என்றீர்கள்.

"ஓம்" என்றேன். தூரிகையைக் கழுவப் போனேன்.

அன்றிலிருந்து உங்கள் வீட்டில் என் இடம் மாறிவிட்டது. தீபாவளிக்கு முதல் சோறு எனக்கு. வருகிறவர்களிடமெல்லாம் அக்கா சொல்வார்: "சொந்தக்காரன் ஒருத்தன் எட்டிப் பாக்கல. இந்த மனுசன் மட்டுந்தான் இவரத் தேடி ஸ்டேஷனுக்குப் போனாரு." நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள், மறுக்க மாட்டீர்கள். நீங்களும் அப்படித்தான் நம்புகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு சாப்பிட்டேன். அக்கா போகும்வரை சாப்பிட்டேன். நீங்கள் போன பிறகும் இந்த எண்ணம் அப்படியே இருந்தது, போன சனிக்கிழமை வரை.

மட்டைக்கு அருகே உரிந்த ஓரத்தை நான் கத்தி நுனியால் மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் எதிரே கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள்.

"ஒங்களக் கண்டாலே அப்பா பண்ணுன மிமிக்ரி ஞாபகம் வருது அங்கிள்."

"என்ன மிமிக்ரி?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளைக் கட்டி, என் குரலில், என் உச்சரிப்பில் சொன்னாள்: "கருணாகரலா, ஃபோர்ம் எகக் தென்ன."

கத்தியைக் கீழே வைத்தேன். "அதை அப்பா கேட்டவரா? முழுக்க?"

"செவருக்கு அந்தப் பக்கந்தானே இருந்தாரு. ஒண்ணு விடாமக் கேட்டாராம். பொலிஸ்ல போய் அவ்வளவு மரியாதையாக் கேட்ட ஆளே கெடையாதாம். உள்ளுக்கு எல்லாரும் பயந்துகிட்டு இருக்காங்க, இவரு மட்டும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாராம். அந்த அஞ்சு நாள்ல அந்த ஒரு தரந்தான் சிரிச்சாராம்."

"அம்மாவுக்கு இது தெரியுமோ?"

"ஐயோ, அம்மாட்ட மூச்சு விடாதேன்னு சொல்லியிருந்தாரே. அம்மாவுக்கு நீங்க தேடிப் போன கததான்."

நான் கத்தியை மறுபடி எடுத்தேன். அவளே தொடர்ந்தாள். "நான் ஒரு தரம் கேட்டேன், ஃபோர்ம் வாங்க வந்தவர ஏன் தேடி வந்தாருன்னு சொல்றீங்கன்னு. அதுக்கு அப்பா சொன்னாரு, வெள்ளவத்தையில இருக்கற மனுசன் ஃபோர்முக்கு இங்க வருவாரா புள்ள? வேற என்னமோ கேக்கத்தான் வந்தாரு. வாய்க்கு அது வரல. என்னான்னு நாம கேக்கக் கூடாதுன்னு."

நீங்கள் கேட்கவில்லை. ஒருநாளும் கேட்கவில்லை. நான் உங்களிடம் மறைத்து வைத்திருந்ததாக நினைத்த பாதியை நீங்கள் அந்த நாளே கேட்டுவிட்டீர்கள். மற்றப் பாதி மட்டும் என்னிடம் இருந்தது.

உங்கள் மகளுக்கு அந்தக் கடதாசிப் படம் நீங்கள் கீறியதென்றே தெரியும். அதையும் நீங்கள் மாற்றிச் சொல்லவில்லை. "பிள்ளை, பொலிஸ் கொண்டுபோன அந்தப் படம் நான் கீறினது" என்றேன். தமிழில் அது ஒன்றும் கடினமாக இருக்கவில்லை. அவள் சிரிப்பை நிறுத்தினாள். என்னையே பார்த்தாள். கோபமா இரக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை, நான் முகம் வாசிக்கத் தெரிந்தவனும் அல்ல. "அப்பாட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "இல்லை" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். தேத்தண்ணி வரவில்லை. நான் சிவப்பைப் பூசி முடித்து, கண்ணாடியைப் போட்டுவிட்டு, வாசலில் நின்று போய்வருகிறேன் என்றேன். சரி அங்கிள் என்று உள்ளிருந்து குரல் வந்தது.

நீங்கள் கேட்கக் கூடாது என்றதால், கேட்காமலே சொல்கிறேன். அன்று பஸ்ஸில் நான் பாடமாக்கிக்கொண்டு வந்தது மூன்று சிறு துண்டுகளாக இருந்தது. இன்றும் காலையில் முகம் கழுவும்போது அது சிங்களத்தில் தானாக வாய்க்கு வருகிறது, ஓர் எழுத்தும் பிசகாமல். தமிழில் இப்படி: அவரை விட்டுவிடுங்கள். அந்தப் படத்தைக் கீறியவன் நான். என்னோடு வாருங்கள், பலகைமேல் வைத்துக் காட்டுகிறேன்.