யாசீனில் நாம் நிறுத்திய இடம்

முன்ஷி, இன்று காலை மகள் ஐந்தருவிக் கடையிலிருந்து மங்குஸ்தான் வாங்கி வந்தாள். ஒன்றைப் பிளந்ததும் தோலின் கறை விரலில் ஏறிக்கொண்டது. உங்களுக்கு இந்தப் பழம் உயிர். ஆனாலும் பாடம் முடியும்வரை தொடமாட்டீர்கள். கறைக்கையால் குர்ஆனின் பக்கத்தைப் புரட்டலாகாது. அதையே எனக்கு உதாரணமாக்கிவிடுவீர்கள். "அரபியில பெரும்பாலும் வினை முன்னால வரும், வாத்தியாரே. 'கொடுத்தான் கடைக்காரன் மங்குஸ்தானை.' தின்னது ஆருன்னு மட்டும் கேக்காதேயும்."

ஒரே பள்ளிக்கூடத்தில் நீங்கள் அரபி, நான் கணக்கு. ஓய்வு பெற்றபின் நான் உங்களிடம் படிக்க வந்த காரணம் உங்களுக்குத் தெரியும். என் மனைவியின் உயிர் பிரியும்போது தலைமாட்டில் அமர்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினேன். சிறுவயது மனப்பாடம், ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவள் காதில் கடைசியாக என்ன சொன்னேன் என்பது எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தர்ஜுமா, அதாவது தமிழ் மொழிபெயர்ப்பு, வாங்கிப் படித்துவிட்டதாகச் சொன்னபோது சிரித்தீர்கள். "வழி எழுதாம விடையை மட்டும் எழுதுத பையனுக்கு நீரு மார்க் போடுவீரா வேய்? தர்ஜுமா விடை. இஃராபுதான் வழி." செய்தது யார், செய்யப்பட்டது எது என்று ஒவ்வொரு சொல்லின் வேலையையும் பிரித்துச் சொல்வது அது. ஓதிக்கொண்டே போக விடமாட்டீர்கள். சொல்லுக்குச் சொல் விரலைத் தூக்குவீர்கள். அந்தச் சொல்லின் வேலையை நான் சொன்னால்தான் விரல் இறங்கும்.

கடைசிப் பாடம், ஊரின் கடைக்கோடியிலிருந்து ஒரு மனிதர் விரைந்து வருகிற வசனம். 'வந்தார்' முதலில் வந்துவிட்டது. வந்தவரைக் காணாமல் தடுமாறினேன். "பொறும்வேய். செங்கோட்டை பஸ்ஸு மாதிரி. ஹாரன் முதல்ல வரும், பஸ்ஸு பொறவுதான் வரும்." மனிதர் வந்து சேர்ந்தார். "அவரு என்ன சொன்னாருங்கதை நாளைக்குப் பார்ப்போம்" என்றீர்கள்.

மறுநாள் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் கட்டிலைச் சுற்றி எல்லோரும் யாசீன் ஓதினோம். எனக்குப் பழக்கதோஷம், சொல்லுக்குச் சொல் நின்றேன். மற்றவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். உங்கள் மகன் என் முதுகைத் தடவினான். "அழாதிய மாமா. நிறுத்தாம ஓதுங்க." நான் அழவில்லை. நீங்கள் விரலை இறக்குவதற்காகக் காத்திருந்தேன். வசனத்தில் அந்த மனிதர் வரும்வரை ஒவ்வொரு சொல்லும் தெரிந்தவர் முகம்போல இருந்தது. அதன்பிறகு ஓசை மட்டுமே. அவளுக்கு ஓதியதைப்போலவே உங்களுக்கும் ஓதி முடித்தேன்.

உங்களை அடக்கம் செய்தபின், மதரஸாவில் பாடம் நடத்தும் இளம் ஆலிமிடம் போனேன். நல்ல பிள்ளை. "எல்லாம் செல்போன்லயே இருக்கு சார். சொல்லைத் தொட்டாப் போதும், வந்துரும்" என்று காட்டித் தந்தார். தொட்டேன். வந்தது. அடுத்ததைத் தொடுவதற்குள் முந்தையது மறந்தது.

இப்போது நாம் படித்த பகுதியும் நழுவுகிறது, முன்ஷி. நேற்று விடியலில் சுப்ஹுத் தொழுகைக்குப் பிறகு தொடக்கத்திலிருந்து ஓதிப் பார்த்தேன். பல சொற்கள் பழையபடி வெறும் சத்தமாகிவிட்டன. இந்த வயதில் போனது திரும்பாது. நிற்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஒரு சொல்லை ஓதுகிறேன், நிற்கிறேன், யார் செய்தது என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் வருவதில்லை. அடுத்த சொல்லுக்குப் போகிறேன்.