மணிக்கூண்டின் பின்பக்கம்

மார்ச் 3, திங்கள்

துணிக்கடை லிஃப்டில் இன்று ஒரு குடை மாட்டிக்கொண்டது. கதவு இடுக்கில் கம்பி சிக்கி, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே இருந்த அம்மாளை வெளியே எடுத்தால், குடைக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் பிழைப்பு இதுதான். ஓடுகிற வரை நம்மை யாருக்கும் தெரியாது, நின்றால் திட்ட மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் இவள் போனைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நிற்கிறாள். முகமெல்லாம் பல். மகள் பேசினாளாம். எங்கள் கல்யாண நாளுக்கு அவள் பரிசு: மே மாதம் ஐரோப்பாவில் ஒரு தலைநகரம், நான்கு நாள், விமான டிக்கெட் போட்டாயிற்று. எந்த ஊர் என்று அம்மாவிடம் மட்டும் கேட்டிருக்கிறாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நானும் அதே ஊரைத்தான் சொல்லியிருப்பேன். இந்த வீட்டில் வேறு எந்த ஊர்ப் பேச்சு நடந்திருக்கிறது?

மார்ச் 4

இவளுக்குத் தூக்கமே இல்லை. எனக்கும் இல்லை, இவள் பேசிக்கொண்டே இருந்ததால்.

இவள் பேக்கரியில் கேக் அலங்காரம் செய்கிறவள். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த ஊரில் சந்தித்தவர்கள், அங்கே இருக்கிற மணிக்கூண்டு மாதிரியே கேக் வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு போட்டோ கொடுத்தார்கள். அதில் முன்பக்கம் மட்டும்தான். கேக்குக்குப் பின்பக்கம் வேண்டுமே? இவளாக ஊகித்து ஜன்னல், கொடி, குட்டி வளைவு என்று இழைத்து இழைத்துச் செய்தாள். கடிகாரத்துக்குக் கீழே, போட்டோவில் இருந்தபடியே ஒரு வராந்தா. அதில் சர்க்கரையில் இரண்டு பேரை நிற்க வைத்தாள். கேக்கை வெட்டினார்கள், சாப்பிட்டார்கள், மறந்தார்கள். இவள் மறக்கவில்லை. நிஜமான பின்பக்கம் எப்படி இருக்கும்?

போனில் தட்டினால் வந்துவிடும். தட்ட மாட்டாள். நேரில்தான் பார்ப்பாளாம். டிவியில் அந்த ஊர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு, போயிடுச்சா போயிடுச்சா என்று என்னைக் கேட்கிற ஆள். அந்த வராந்தாவில் ஒருமுறை நின்றுவிட வேண்டும். அவ்வளவுதான் இவள் ஆசை.

மார்ச் 9, ஞாயிறு

வேலை பிரித்தாயிற்று. உடுப்பு, மருந்து, விசா போட்டோ இவள். ஹோட்டல், சுற்றிப் பார்க்கிற இடங்கள் நான்.

விசா போட்டோவில் நான் தேடப்படுகிறவன் மாதிரி இருக்கிறேன் என்கிறாள். யார் தேடப் போகிறார்கள்?

என் கவலை வேறு. போன வருஷம் பேக்கரியில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இவளுக்கு முட்டியில் ஆபரேஷன். ஆறிவிட்டது. ஆனால் அதன் பிறகு வீட்டில் ‘முட்டி’ என்ற சொல்லுக்கே தடை. யாராவது கை கொடுத்தால் முறைப்பாள். படியில் ஜாக்கிரதை என்று டாக்டர் அன்று சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

அதனால் என் வழியில் திட்டம் போடுகிறேன். எந்த இடத்திலும் முதல் கேள்வி, லிஃப்ட் உண்டா? ஹோட்டலுக்கு நானே போன் செய்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், லிஃப்ட் எந்தக் கம்பெனி, கயிறு கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த ஆள், “சார், அது மேலே போகும், கீழே வரும்” என்றார். வேறு ஹோட்டல் பார்க்கலாமா என்று யோசித்தேன். கயிறு புதிது என்று மாலை அவரே கூப்பிட்டுச் சொன்னார். பொறுப்பான மனுஷர். அறையைப் பிடித்துவிட்டேன். மூன்றாம் மாடி.

மார்ச் 16

மணிக்கூண்டில் லிஃப்ட் இல்லை.

நானூறுக்குக் கொஞ்சம் குறைவான படி. அதுவும் சுழல்படி, குறுகல், ஒரு பக்கம்தான் கைப்பிடி. நாள் பூராவும் தேடிவிட்டேன். அத்தனை நூற்றாண்டாக அத்தனை பேர் இருந்தும் ஒருவனுக்குக்கூட ஒரு லிஃப்ட் போடத் தோன்றவில்லையே.

திட்டத்தில் அதை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கிற டிவி கோபுரத்தைப் போட்டேன். அங்கே அருமையான லிஃப்ட், போகிற வேகத்தில் காது அடைக்குமாம். மணிக்கூண்டைச் சுற்றி வந்து கீழே நின்றே பின்பக்கம் பார்த்துவிடலாம். ஆனால் வராந்தா?

இவளிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 17

இன்று சொல்லவில்லை. களைப்பாக இருந்தாள்.

மார்ச் 18

இன்று நான் களைப்பாக இருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

திட்டத்தை மகளுக்கு அனுப்பியிருந்தேன். அவள் அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். இவள் சமையலறையில் நின்று மேலிருந்து கீழ் வரை படித்தாள், திரும்ப ஒருமுறை படித்தாள். மணிக்கூண்டு மேலே ஏறவே போறதில்லையா என்று கேட்டாள். அங்கே லிஃப்ட் இல்லை என்றேன்.

“அதானே பார்த்தேன். எங்க போனாலும் உங்களுக்கு லிஃப்ட் பார்க்கணும். அதுக்கு நான் எதுக்கு? டார்ச்சைக் கூட்டிட்டுப் போங்க.”

டார்ச் என் கூட வேலை செய்கிறவன். எப்போதும் பேன்ட் பையில் டார்ச் லைட்டோடு அலைவதால் அந்தப் பெயர். அவனோடு நான் எதுக்கு அந்த ஊருக்குப் போறேன்? உன் முட்டிக்காகத்தான்டி என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அது வேறு சண்டை. விழுங்கிட்டேன். சொல்லியிருக்கணுமோ? லிஃப்ட் பைத்தியம்னு பேர் வாங்கினது மிச்சம்.

ஏப்ரல் 2

பேச்சு உப்பு, சாவி, பால் என்ற அளவில் இருக்கிறது. தினமும் பேக்கரியிலிருந்து தாமதமாக வருகிறாள். ஆர்டர் அதிகம் என்கிறாள். வந்ததும் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறாள். இது கல்யாண சீசனே இல்லையே?

ஏப்ரல் 6, ஞாயிறு

மகள் பேசினாள். இரண்டு பேரும் இப்படி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போவதானால் டிக்கெட்டை ரத்து செய்துவிடட்டுமா என்றாள். கொஞ்சம் பொறு என்றேன். “அம்மாவும் அதேதான் சொன்னா. எதுக்குப் பொறுக்கணும்னு ரெண்டு பேரும் சொல்ல மாட்டேங்கறீங்க” என்று வைத்துவிட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஊரை விடு, எப்படியும் பார்த்துக்கொள்ளலாம். இத்தனை வருஷமாக அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்த அந்த மணிக்கூண்டு போட்டோவை இவள் எடுத்துவிட்டாள்.

ஏப்ரல் 10, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

டார்ச் காய்ச்சல் என்று லீவு. அவன் பார்க்கிற கட்டடங்களில் ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். இவள் பேக்கரி இருக்கிற கட்டடம்தான் அது. பேக்கரி கீழ்த்தளம். பழைய காலத்து லிஃப்ட். நடுவில் இரும்பு வலைக் கூண்டுக்குள் லிஃப்ட் ஓடும், படிக்கட்டு அதைச் சுற்றிச் சுற்றி ஏறும். லிஃப்டை நான்காம் மாடிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அதன் கூரை மேல் உட்கார்ந்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். படியில் யாரோ ஏறி வருகிற சத்தம். பார்த்தால், இவள்.

கால்களில் கேன்வாஸ் ஷூ. அதை நான் பார்த்ததே இல்லை. கைப்பிடியைத் தொடாமல், வாயை இறுக்கிக்கொண்டு, என்னைச் சுற்றி ஏறிப் போனாள். ஆறாம் மாடி வரை போய்த் திரும்பி இறங்கினாள். மறுபடி ஏறினாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லி மாதிரி அசையாமல் இருந்தேன். மூன்றாவது முறை என் பக்கம் வந்ததும் நின்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எவ்வளவு நேரம் அப்படியே உக்காந்திருப்பீங்க? இறங்கி வாங்க.”

இறங்கினேன். வாயில் வந்தது, தடை செய்யப்பட்ட அந்தச் சொல்தான்.

“உன் முட்டிக்காகத்தான் அதை எடுத்தேன். லிஃப்டுக்காக இல்ல.”

“அது எனக்கு அன்னைக்கே தெரியும். அதான் கோபமே. ஏறுவியான்னு ஒரு வார்த்தை கேக்கலாமில்ல? நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, இவ முடியாதவன்னு.”

டாக்டர் இப்போது படி ஏறச் சொல்கிறாராம், கொஞ்சம் கொஞ்சமாக. மணிக்கூண்டில் லிஃப்ட் இல்லை என்று நான் சொன்ன மறுநாளே போய்க் கேட்டிருக்கிறாள். வேலை முடிந்ததும் தினமும் இங்கேதான். மன்னிப்புக் கேட்டேன். படிக்கட்டில் வைத்து மன்னிப்புக் கேட்டது இதுதான் முதல் தடவை.

சரி, கூட வாங்க என்று கீழே கூட்டிப் போய், முதல் படியிலிருந்து ஏறத் தொடங்கினாள். நானும் ஏறினேன். நாலரை மாடிக்குள் மூச்சு முட்டி, தலை சுற்றி, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் இந்த வேலைக்கு வந்த பிறகு நான் படி ஏறியதே இல்லை. கெட்டுப்போன லிஃப்டைக்கூடச் சரி செய்து அதிலேயே போகிறவன் நான்.

இவள் எனக்கு மேலே இரண்டு படி தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

“நான் ரெடி. உங்களை எப்படி மேல ஏத்தறதுன்னுதான் இப்போ யோசிக்கணும்.”

ஏப்ரல் 11

டார்ச்சுக்குக் காய்ச்சல் எல்லாம் இல்லை. அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். அண்ணிகிட்ட சத்தியம் பண்ணிட்டேன் அண்ணே, சொல்ல முடியாது, அதனால நீங்களே நேர்ல பார்த்துக்குங்கன்னு லீவு போட்டேன் என்கிறான். இவனை ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 14

தொடை இரண்டும் என்னுடையது இல்லை.

ஏப்ரல் 19

ஐந்தாம் மாடி. நடுவில் ஒருமுறை ஷூ லேஸ் கட்டினேன். லேஸ் அவிழவில்லை என்பதை இவள் பார்த்துவிட்டாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

திட்டத்தை இருவரும் உட்கார்ந்து திரும்பப் போட்டோம். டிவி கோபுரம் போயிற்று. ஆற்றங்கரை நடை வந்தது. பாலங்கள் வந்தன. ஒரு மத்தியானம் முழுக்க ‘சும்மா’ என்று இவள் எழுதினாள். சும்மா என்றால் எங்கே என்று கேட்டேன். சும்மா என்றால் சும்மா. போட்டோ அலமாரிக் கதவுக்குத் திரும்பி வந்துவிட்டது.

மே 9, வெள்ளி

நேற்று வந்து சேர்ந்தோம். இன்று மணிக்கூண்டு.

சதுக்கத்துக்குப் போகிற சந்திலேயே இவள் கண்ணை மூடிக்கொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வாசல் வரை வந்தாள். எதிரே வந்தவர்களெல்லாம் இவளுக்குப் பார்வை இல்லை என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது, இவளுக்கு இல்லை. பின்பக்கத்தை முதலில் வராந்தாவிலிருந்துதான் பார்ப்பாளாம்.

ஏறினோம். இவள் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு சின்ன ஜன்னலிலும் எனக்காக நின்றாள், வெளியே வேடிக்கை பார்க்கிற மாதிரி. நானும் வேடிக்கை பார்க்கிற மாதிரி மூச்சு வாங்கினேன். கீழே வந்துகொண்டிருந்த இளசுகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு எங்களுக்குக் கை தட்டினார்கள்.

மேலே காற்று. ஊர் முழுக்க ஓட்டுக் கூரைகளும் பாலங்களும் ஆறும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, காற்றினால் இல்லை. இவள் ஊரைப் பார்க்கவில்லை. நேரே வராந்தாவைச் சுற்றிப் பின்பக்கம் போய்க் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தாள்.

வெறும் சுவர். ஒரு ஜன்னல் இல்லை, ஒரு கொடி இல்லை. மழைத் தண்ணீர் இறங்குகிற ஒரு குழாய் மட்டும்.

இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்கா? திரும்பிப் பார்த்தால் இவள் தோள் குலுங்குகிறது. அழுகிறாள் என்று நினைத்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருக்கிறாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

“என்னோடதுதான் நல்லா இருந்துச்சு” என்றாள்.

சர்க்கரைப் பொம்மைகள் நின்ற அதே இடத்தில் வெகுநேரம் நின்றோம்.

மே 12, திங்கள்

கிளம்புகிறோம். பெட்டிகளை லிஃப்டுக்குள் தள்ளி, கீழ்த்தளப் பொத்தானை அழுத்திவிட்டு, இருவரும் படியில் ஓடினோம். வந்த அன்றும் இப்படித்தான், மேல்நோக்கி. இன்றும் இவள்தான் முதலில்.

கீழே வரவேற்பில் அதே மனுஷர். போனில் பேசியவன் நான்தான் என்று கண்டுபிடித்துவிட்டார். லிஃப்ட் உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று அக்கறையாகக் கேட்டார். அவர் என்ன கேட்கிறார் என்றாள் இவள், சொன்னேன்.

“நமக்கெப்படித் தெரியும்? பெட்டிங்களைத்தான் கேக்கணும்.”

இதை அவருக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று விமானத்தில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இவள் பக்கத்தில், கேன்வாஸ் ஷூவோடு, தூங்குகிறாள்.