நாரைத்திட்டில் எத்தனை பறவை?

1939 ஜனவரி 19
நாரைத்திட்டின் ஏகச் சக்கரவர்த்தியாகிய கதிர்காமத்தம்பி இன்று காலை துயில் எழுந்து, தம் சேனைகளைப் பார்வையிட்டு, ஓட்டைச் சட்டியில் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். சேனை எவ்வளவு? நாரையும் கொக்கும் நீர்க்காகமுமாக ஒன்பது கோடி. சூரியனே எழும்ப முன் என்னிடம் வந்து, "கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்கள்" என்று கெஞ்சுகிறான்.

மந்திரி இல்லை. இராணி போய் ஆறு வருடம். என் மனைவி ஆச்சிப்பிள்ளை கண்ணை மூடியதும் வீடு அவள் தங்கைக்குப் போயிற்று. எங்கள் பக்கத்து வழக்கம் அது: வீடு பெண்ணோடு வரும், பெண் வழியே போகும். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. வாவி நடுவே இந்தத் திட்டில் ஓலையால் ஒரு வாடி கட்டிக்கொண்டேன்.

அக்காவின் மகள் கண்ணகை இந்தக் கிழமை வருவாள். வருடத்தில் மூன்று நாள், பறவை முட்டை எடுக்க. அரிசி கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 22
வந்தார்கள்! புருஷன், பிள்ளைகள், மச்சாள்மார், மூன்று தோணி நிறைய.

"மாமா, இந்த வருசம் எத்தின?"

"எண்ணினன் கிளி. கோடி தாண்டினதும் விரல் தேஞ்சு போச்சு. இந்தா பார், கட்டை விரல்."

"மாமாட புழுக ஏத்த ஒரு தோணி காணாது கா," என்றாள் புருஷனிடம்.

முட்டை அவித்து, மாங்காய்ச் சம்பல் அரைத்து, சாப்பாடு. முதலையை வேட்டியால் கட்டி இழுத்த கதையைச் சொன்னேன். போன வருடம் பத்து முழமாக இருந்த முதலை இப்போது முப்பது முழம். சின்னதுகள் மணலில் உருண்டு சிரித்தன.

ஜனவரி 25
போய்விட்டார்கள். "மறுகா வாறம் மாமா." மறுகா என்றால் அடுத்த தை.

சட்டி கழுவினேன்.

ஆகஸ்ட் 15
ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழிக் கோயிலுக்குப் போனேன். சனத்துக்குள் எங்கள் ஊர்த் தலைமைக்காரர், விதானையார் நல்லரத்தினம், என் கையைப் பிடித்தார்.

"அண்ணே, அக்கரைக் காட்டுக்குப் போட்ட காவல உங்கட திட்டுமட்டும் நீட்டப் போறாங்க. காட்டு இலாகாத் துரை வந்து பார்ப்பார். பறவை கனக்க எண்டா தடைப் பலகை நடுவாங்க. மறுகா ஒருத்தரும் முட்டை எடுக்கேலாது."

"அப்ப கண்ணகை?"

"முட்டையில்லாத திட்டில அவவுக்கு என்ன வேலை?"

திரும்பி வரும் வழியெல்லாம் தோணியில் அதையே யோசித்தேன். ஓம், என்ன வேலை?

ஆகஸ்ட் 29
துரை வந்தார். இந்த மாதத்தில் ஒரு கூடும் இராது. கண்டல் மரமும் சேறும்தான். ஆகவே என்னிடம் கேட்கும்படி விதானையாருக்குச் சொன்னார். விதானையார் முதலில் என் காதுக்குள், "அண்ணே, உங்கட கோடிகள அவுத்து விட்டிராதீங்க" என்றார். பிறகு உரக்க, "தையில எத்தினை பறவை வரும்?"

ஒன்பது கோடியும் வாய்க்குள் வந்து நின்றன. விழுங்கினேன்.

"ஒரு நாப்பது, ஐயா."

விதானையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். துரையிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். தோணி ஏறும்போது அதை எனக்குத் தமிழில் சொல்லிச் சிரித்தார்: "இந்த ஊரில பெரிய புழுகன் நாப்பது எண்டா, நாலும் இராது எண்டன்."

பலகை இல்லை. சக்கரவர்த்திக்கு வெற்றி.

பிறகு ஏன் கஞ்சி இறங்கவில்லை?

1940 ஜனவரி 24
தடை இல்லை என்று ஊர் முழுக்கக் கதை போயிருக்கிறது. சண்டைக் காலம், பட்டினத்தில் எந்த முட்டைக்கும் நல்ல விலையாம். இருபது தோணி வந்தது. இது புழுகு அல்ல. தாய்ப் பறவைகளை எழுப்பப் புகை போட்டார்கள். கை எட்டாத கூட்டுக்கு மரக் கொப்பையே வெட்டினார்கள்.

கண்ணகை ஓர் இரவும் தங்கவில்லை. கடகப் பெட்டி நிரம்ப வேண்டும், வெயிலுக்கு முன் கொண்டுபோய் விற்க வேண்டும்.

"முதலைக் கதை?" என்று நானே கேட்டேன்.

"மறுகா மாமா, மறுகா."

முதலை இந்த வருடம் வளரவில்லை.

பெப்ரவரி 2
ஒரு சிறகுச் சத்தமும் இல்லை.

1941 ஜனவரி 23
பறவை வரவே இல்லை. தோணிகள் வந்தன, சுற்றிப் பார்த்தன, திரும்பின. கண்ணகை தோணியில் நின்றபடியே கேட்டாள்: "எங்க மாமா உங்கட சேனை?"

"லீவு கேட்டுதுகள். குடுத்திட்டன்."

சிரித்தாள். இறங்கவில்லை. "அப்ப நாங்க போயிட்டு வாறம்."

எல்லாருக்குமாக உலை வைத்திருந்தேன், மடையன். அவள் முட்டைக்குத்தான் வந்தவள் என்று விதானையார் சொல்லியா எனக்குத் தெரியவேணும்? தெரியும். தெரிஞ்சுதான் நாப்பது எண்டன். இப்ப அதுகளும் இல்ல. இவளும் இல்ல.

மார்ச் 11
பட்டினம் போய், காட்டு இலாகாக் கந்தோரில் துரைக்கு முன்னால் நின்றேன். திட்டையும் காவலுக்குள் எடுக்கச் சொன்னேன்.

கிளாக்கர் சிரித்தார். "பறவையில்லாத திட்டுக்குப் பலகையோ?"

"பலகையில்லாமத்தான் பறவையில்ல."

துரை என்னை உற்றுப் பார்த்து, "நாப்பது," என்றார், தமிழில். அவரிடமிருந்த தமிழ் அவ்வளவுதான் போலும். நான் நிலத்தைப் பார்த்தேன். கண்டல் மரமாவது மிஞ்சட்டும் என்று எழுதிக்கொண்டாராம். கிளாக்கர் பிறகு சொன்னார்.

1942 ஜனவரி 9
பலகை நட்டார்கள். தை, மாசியில் எவரும் இறங்கக் கூடாது; பார்த்துக்கொள்ள நான் மட்டும் இருக்கலாம். சம்பளம் இல்லை. சக்கரவர்த்திக்கு யார் சம்பளம் கொடுப்பது?

காலையில் பலகைக்குச் சலாம் வைத்தேன். அது பதில் சொல்லவில்லை. நல்ல பிரஜை.

பெப்ரவரி 17
பின்னேரம், கண்டல் உச்சியில் நாரைகள் இறங்கின. ஒன்றின் அலகில் சுள்ளி. மூன்று. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மூன்றுதான்.

சற்று நேரத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிற தோணியொன்று மெதுவாயிற்று. கண்ணகை. கையை வாயில் குவித்துக் கூப்பிட்டாள்.

"மாமா! ஏதும் வந்துதா? வந்தாச் சொல்லுங்க, பலகைக்குத் தெரியாம ஒரு நாள் வாறம்! முதலைக் கதையும் கேக்கலாம்!"

"ஒண்டுமில்ல கிளி! ஒரு காகமும் இல்ல!"

தோணி மறையுமட்டும் கையை ஆட்டினேன்.

அடுப்பு மூட்டவில்லை. புகை பட்டால் அதுகள் எழும்பிவிடும். பழஞ்சோறு இருந்தது.