ஏரிக்கரை வளைவில் ஏறாதவன்

இன்றைய கம்பெனி பஸ் பட்டியலில் உன் பெயர் இல்லை. நீ போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் ஆரம்பத்தில் ஒரே ஒரு நாளைத் தவிர, பட்டியலில் நீ இல்லாத நாள் இதுதான். வாலாஜாபாத் நிறுத்தத்தில் நின்று அந்தத் தாளை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தேன்.

1991இல் ஒரகடம் பக்கம் நம் கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்ததும், ஷிஃப்ட் போடும் புரோகிராமை நாம் இரண்டு பேரும்தான் எழுதினோம். சோதித்துப் பார்க்க முதல் வரியில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டேன். "என் பேரையே போடு மச்சான். நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றாய். அந்த மழைக்காலத்திலேயே காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் வரியை அழித்தேன். மறுநாள் எல்லாருடைய ஷிஃப்டும் ஓர் ஆள் தள்ளிப்போய், வாசலில் ஒரே கூச்சல். "இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீற?" என்று சூப்பர்வைசர் பாய்ந்தார். சுழற்சி முழுவதும் முதல் வரியிலிருந்தே தொடங்கும்படி நாம் எழுதியிருந்தோம். உன்னைத் திரும்பப் போட்டேன். நாலு வரி மாற்றியிருந்தால் சரியாகியிருக்கும். எனக்கு மனசு வரவில்லை. பின்னால் வந்தவர்களிடமெல்லாம், "அதைத் தொட்டால் எல்லாம் கவிழ்ந்துவிடும்" என்று பொய் சொன்னேன். கம்ப்யூட்டர்கள் மாறின. ஒவ்வொரு முறையும், உன்னை யாரென்றே தெரியாதவர்கள் பயபக்தியோடு உன்னைப் புதியதற்குத் தூக்கிவந்தார்கள். ஷிஃப்ட் பட்டியலை வைத்துத்தான் பஸ் பட்டியலும் போடுவார்கள்; அதில் நீ இருந்ததால் தினமும் காலையில் உன் ஊர் ஏரிக்கரை வளைவில் பஸ் நிற்கும். கதவு திறக்கும். ஈரக்காற்று மட்டும் ஏறும்.

நேற்று, புதிதாகச் சேர்ந்த பெண் திரையைக் காட்டினாள். "சார், இவரு ஒரு லீவு கூட போட்டதில்ல. ஒரு நாள் கூட வந்ததும் இல்ல. யாரு சார் இது?"

பழைய பொய் நாக்கு நுனி வரை வந்தது. அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. அதற்குப் பிறகு உன்னைத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. ஊர்பேர் தெரியாத பேயாக நீ அங்கே கிடப்பதை நினைக்கவே முடியவில்லை. "எடுத்துடும்மா" என்றேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டாள். ஒன்றும் கவிழவில்லை. அதுதான் வலித்தது.

இன்று பஸ் ஏரிக்கரையை நெருங்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன். வேகம் குறைந்தது. பஸ் நின்றது. கதவு திறந்தது.

எழுந்துபோய் டிரைவரிடம் கேட்டேன். "இன்னிக்கு லிஸ்ட்ல இங்க யாரும் இல்லியேப்பா?"

"லிஸ்ட்ட யாரு சார் பாக்குறாங்க? முன்னாடி ஓட்டுன அண்ணன் சொல்லிக் குடுத்தாரு, இங்க நின்னுட்டுதான் போணும்னு."

"யாருக்காக?"

"தெரியாது சார்."

என் இடத்துக்குத் திரும்பினேன். பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.